நீங்கள் ஒழுங்காக மூடவில்லை!

ஒரு காட்சி. 1999ஆம் வருஷம். நீங்கள் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்க்கிறீர்கள். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகை, இரண்டு பிட் நோட்டீஸ், யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவரின் தீசிஸில் நாற்பது பக்கம் எல்லாவற்றையும் அடித்து முடிக்கிறீர்கள். முறைப்படி ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் ஷட் டவுன் கொடுக்கிறீர்கள். மெஷின் தானாக அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடை ஷட்டரை இறக்குகிறீர்கள்.

மறுநாள் காலை முதலாளி வந்து கம்ப்யூட்டரைப் போடுகிறார். வழக்கமாக வரும் மேகப் படம் வரவில்லை. எழுத்துகள் வருகின்றன. விண்டோஸ் ஒழுங்காக மூடப்படவில்லை, ஆகவே உங்கள் டிஸ்க்கில் பிழை இருக்கலாம், இந்த அறிவிப்பை மறுபடி பார்க்காமல் இருக்க வேண்டுமானால் எப்போதும் ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுன் கொடுத்து மூடவும் என்கிறது திரை.

''ஏம்ப்பா, நேத்து நேரா ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டியா?''

''இல்லைண்ணே, ஷட் டவுன் குடுத்துட்டுத்தான் போனேன்.''

''அப்ப அது பொய் சொல்லுதா?''

என்ன பதில் சொல்வீர்கள்? மெஷின் எழுத்தில் கொடுத்திருக்கிறது. உங்களிடம் இருப்பது வெறும் வாய்வார்த்தை. தீசிஸில் நாலு பக்கம் காணாமல் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால், 1990களின் கடைசியில் உலகம் பூராவும் லட்சக்கணக்கான மேஜைகளில் இதே மாதிரி நடந்திருக்கும். முதலாளி கேட்ட கேள்விக்கு நியாயமான ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், கம்ப்யூட்டர் எழுந்ததும் எழாததுமாக எதைத்தான் சோதிக்கிறது, அதை ஏன் யாருக்கும் புரியாத பாஷையில் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இல்லை. ஆனால் இந்த விஷயம் புரிவதற்கு பி.காம். போதும். சொல்லப்போனால், அதுதான் சரியான படிப்பு.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய கோடவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே அளவில் ஆயிரக்கணக்கான பெட்டிகள். உங்கள் கல்யாணப் பத்திரிகை ஒரே பெட்டியில் அடங்காது. கொஞ்சம் ஏழாம் பெட்டியில், கொஞ்சம் தொண்ணூறாம் பெட்டியில், மிச்சம் ஆயிரத்துப் பத்தாம் பெட்டியில் என்று பிரித்துத்தான் வைப்பார்கள். எது எங்கே என்று சொல்ல கணக்குப் புத்தகம் வேண்டும் அல்லவா? அந்தப் புத்தகமும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. 1977ல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்ட் உருவாக்கிய ஃபேட் என்கிற முறையில் அது ஒரு நீண்ட அட்டவணை. ஏழுக்கு அடுத்தது தொண்ணூறு, தொண்ணூறுக்கு அடுத்தது ஆயிரத்துப் பத்து, அத்தோடு சரி. இப்படி ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி எங்கே தொடங்குகிறது என்பது ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கும்.

ஆக, நீங்கள் ஒரு தடவை 'சேவ்' கொடுத்தால் மூன்று இடங்களில் எழுதியாக வேண்டும். சரக்கை உள்ளே வைக்க வேண்டும். அட்டவணையில் குறிக்க வேண்டும். பெயருக்கு எதிரே பதிய வேண்டும். மூன்றும் ஒரே நொடியில் நடப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக. நம் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? இரண்டாவது வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் நடுவே போய்விட்டால்?

பெட்டி நிறைந்திருக்கும். யாருடையது என்று பதிவு இருக்காது. வீடு இருக்கிறது, பட்டா இல்லை. சில சமயம் இதைவிட மோசம். ஒரே பெட்டிக்கு இரண்டு ஃபைல்கள் சொந்தம் கொண்டாடும். ஒரே மனைக்கு இரண்டு பட்டா. அப்போது எதில் எழுதினாலும் இன்னொன்று கெடும்.

இந்த வில்லங்கத்தைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பெயர்தான் டிஸ்க் செக். சரக்கையும் ரிஜிஸ்டரையும் ஒப்பிட்டு டேலி பண்ணுகிற வேலை. வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுப்பார்களே, அதேதான்.

இந்த வேலையை ஆரம்பத்தில் யார் செய்தார்கள்? அங்கேதான் பாஷைப் பிரச்னையின் வேர் இருக்கிறது.

1969ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்கிற ஊரில் இருந்த பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்ற இரண்டு பேர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் ஆரம்ப வருஷங்களில் மெஷின் திடீரென்று படுத்துவிட்டால், எழுப்பிய பிறகு ஒருவர் உட்கார்ந்து 'ஐசெக்', 'டிசெக்' என்று தனித்தனி கருவிகளை ஓட்டிப் பார்ப்பார். அவை நம்பர் நம்பராகத் துப்பும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் உண்டு. இன்ன எண்ணில் கோளாறு என்று மட்டும் சொல்லும். சரி செய்வது அவர் பொறுப்பு. தெரியாதவர் கை வைத்தால் இருப்பதும் போகும்.

யாரும் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அறிவிப்பை எழுதியவர் ஒரு அறையில், படிப்பவர் பக்கத்து அறையில். சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக் கேட்டுவிடலாம்.

1970களின் கடைசியில் டி.ஜே. கோவால்ஸ்கி என்பவர் இந்த வேலைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி 'எஃப்.எஸ்.சி.கே.' என்ற புரோகிராமை எழுதினார். பெரிய முன்னேற்றம். இது தானே ஆராய்ந்து, தானே தீர்வும் சொல்லி, உங்கள் சம்மதத்தை மட்டும் கேட்கும். எப்படிக் கேட்கும் தெரியுமா? 'கிளியர்?' என்று கேட்கும். அவ்வளவுதான். நீங்கள் 'ஒய்' அடித்தால் அந்த ஃபைல் அம்பேல். 'ரீகனெக்ட்?' என்று கேட்டால், பட்டா இல்லாத அந்த அநாதையை எடுத்து 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்றொரு டைரக்டரியில் போடட்டுமா என்று அர்த்தம். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம். ஐந்தொகை இடிக்கும்போது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைப்போமே, அந்த வேலை.

எந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம், எதற்கு 'ஒய்' சொல்லலாம் என்று விளக்கத் தனியாக ஒரு கட்டுரையே எழுதி, அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். நல்ல காரியம். அந்தக் கட்டுரை கையில் இருந்தவர்களுக்கு.

அடுத்த காட்சிக்கு இடமும் மாறுகிறது, ஆட்களும் மாறுகிறார்கள். 1980ல் சியாட்டில் பக்கம் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் 86 டாஸ் என்ற இயங்குதளத்தை எழுதினார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. அறிமுகமானபோது அதற்குள் இருந்தது இதுதான். பேட்டர்சன் எழுதிய 'செக்டிஸ்க்' கட்டளையும் கூடவே வந்தது. பெல் கூடத்தின் பக்கத்து அறை ஆசாமி இடத்தில் இப்போது ஒரு ஆடிட்டர், ஒரு ஸ்கூல் கிளார்க், ஒரு மருந்துக்கடைக்காரர். அறிவிப்பின் தோரணை மட்டும் மாறவில்லை.

டாஸின் செக்டிஸ்க் செய்த வேடிக்கையைப் பாருங்கள். சும்மா ஓட்டினால், பிழைகள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் 'எஃப்' சேர்க்காததால் திருத்தங்களை டிஸ்க்கில் எழுத மாட்டேன் என்று சொல்லும். சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே, அறுந்த சங்கிலிகளை ஃபைலாக மாற்றட்டுமா, 'ஒய்'யா 'என்'னா என்று கேட்கும். நீங்கள் பயந்து, யோசித்து, சாமியைக் கும்பிட்டு 'ஒய்' அடிப்பீர்கள். ஒன்றுமே செய்யாது. அதான் முதலிலேயே சொல்லிவிட்டதே!

'எஃப்' சேர்த்து ஓட்டினால் 'ஃபைல்0000' என்று ஆரம்பித்து வரிசையாக நம்பர் போட்ட துண்டு ஃபைல்களை உருவாக்கி வைக்கும். அதற்குள் உங்கள் கணக்கு பாதி இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். எந்த ஃபைலின் துண்டு என்பதை மட்டும் சொல்லாது. பாவம், அதற்கே தெரியாது.

இதில் ஒரு துயரமும் உண்டு. 1991ல் வந்த எம்.எஸ். டாஸ் 5.0 பதிப்பில் இருந்த செக்டிஸ்க்கிலேயே ஒரு கோளாறு. அட்டவணை ஒரு குறிப்பிட்ட அளவில் அமைந்துவிட்ட டிஸ்க்குகளில், அதாவது ஏறத்தாழ 128 எம்.பி.யின் மடங்குகளாக இருந்தவற்றில், அதை 'எஃப்' சேர்த்து ஓட்டினால் நன்றாக இருந்த ஃபைல்கள் கெட்டுப்போக வாய்ப்பு இருந்தது. வைத்தியம் பார்க்க வந்தவரே வியாதியைக் கொடுத்த கதை. 5.0ஏ என்று திருத்திய பதிப்பு வெளியிட்டார்கள். நடுவில் டிஸ்க்கைப் பறிகொடுத்தவர்கள் யாரை நொந்துகொண்டிருப்பார்கள்? தங்களைத்தான். தெரியாமல் 'ஒய்' அடித்துவிட்டோமே என்று.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். புரியாத அறிவிப்பு வெறும் குழப்பத்தோடு நிற்பதில்லை. படிப்பவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. புரியாததற்கும் அவரே பொறுப்பு, விளைவுக்கும் அவரே பொறுப்பு.

பிளாப்பி காலத்தில் இருந்த இன்னொரு அறிவிப்பு நினைவிருக்கிறதா? இது சிஸ்டம் டிஸ்க் இல்லை அல்லது டிஸ்க்கில் கோளாறு, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு கீயை அமுக்கு என்று கறுப்புத் திரையில் வரும். ஹார்ட் டிஸ்க் போச்சு என்று வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் விஷயம் ஒன்றுமே இல்லை. முந்தின நாள் போட்ட பிளாப்பியை எடுக்க மறந்திருப்பீர்கள். 'பிளாப்பியை எடுத்துவிட்டு மறுபடி முயலவும்' என்று எழுத ஒரு வரி போதும். எழுதவில்லை. ஏதாவது ஒரு கீ என்பதுகூட எல்லோருக்கும் புரிந்ததில்லை. 'எனி' கீ எங்கே இருக்கிறது என்று கேட்டு போன் மேல் போன் வருவதால், அந்த வார்த்தையையே மாற்றலாமா என்று காம்பாக் நிறுவனம் யோசிப்பதாக 1994ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி போட்டது. படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? புரியாததைக் கேட்டவர்கள் நேர்மையானவர்கள்.

நியாயமாகச் சொன்னால், முன்னேற்றமும் நடந்தது. 1993ல் எம்.எஸ். டாஸ் 6.2 பதிப்போடு 'ஸ்கேன்டிஸ்க்' வந்தது. நீலத் திரை, மஞ்சள் கோடு. என்ன பிழை என்று ஒரு பத்தி எழுதிக் காட்டியது. சரி செய், செய்யாதே, மேலும் விளக்கு என்று பட்டன்கள் வைத்தது. செய்த திருத்தத்தைத் திரும்பப் பெற ஒரு பிளாப்பியில் பழைய நிலையைப் பதிந்துகொள்ளவும் வழி கொடுத்தது. எழுதிய புண்ணியவான் யாரோ, படிப்பவரும் மனிதர் என்று நினைத்திருக்கிறார்.

பிறகு 1996ல் விண்டோஸ் 95ன் திருத்திய பதிப்பு வந்தது. ஒழுங்காக மூடாத கம்ப்யூட்டரில், அடுத்த முறை போடும்போது ஸ்கேன்டிஸ்க் தானாகவே ஓடும் ஏற்பாடு அதில்தான் தொடங்கியது. விண்டோஸ் 98ல் எல்லார் வீட்டுக்கும் பழக்கமாகிவிட்டது. நம் டி.டி.பி. சென்டருக்கும்.

சரி, ஒழுங்காக மூடினோமா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? கேமராவா வைத்திருக்கிறது? டிஸ்க்கில் ஒரே ஒரு அடையாளம். விண்டோஸ் வேலையைத் தொடங்கும்போது 'திறந்திருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும். ஷட் டவுன் கொடுத்தால் கடைசி வேலையாக 'மூடியாச்சு' என்று மாற்றும். மறுநாள் காலையில் அந்த அடையாளம் 'திறந்திருக்கிறது' என்றே இருந்தால் ஏதோ நடுவில் அறுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கரண்ட் போனதா, மெஷின் உறைந்துபோனதா, குழந்தை ஸ்விட்சைத் தட்டியதா, எதுவும் தெரியாது. ஆனால் திரையில் என்ன எழுதியது? இனிமேலாவது ஒழுங்காக மூடு என்று!

இப்போது அந்தப் பையனின் வழக்குக்கு வருவோம். அதாவது, உங்கள் வழக்கு.

1990களின் கடைசியில் ஹார்ட் டிஸ்க்குகள் தங்களுக்குள் கொஞ்சம் நினைவகம் வைத்திருந்தன. விண்டோஸ் எதையாவது எழுதச் சொன்னால், அதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ''எழுதிட்டேன்'' என்று உடனே சொல்லிவிடும். நிஜமாகத் தட்டில் எழுதுவது அப்புறம். ஆபீஸில் சில கிளார்க்குகள் ''போட்டாச்சு சார்'' என்பார்களே, வவுச்சர் மேஜை டிராயரில்தான் இருக்கும். அந்த மாதிரி. அதே சமயம், ஷட் டவுன் கொடுத்தால் மெஷின் தன் கரண்ட்டைத் தானே நிறுத்திக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. மெஷின்களோ வருஷத்துக்கு வருஷம் வேகமாகிக்கொண்டே போயின.

என்ன ஆயிற்று? விண்டோஸ் 'மூடியாச்சு' என்று எழுதச் சொன்னது. டிஸ்க் எழுதிவிட்டதாகச் சொன்னது. விண்டோஸ் நம்பி கரண்ட்டை நிறுத்தியது. சில மெஷின்களில், டிராயரில் இருந்த வவுச்சர் லெட்ஜருக்கு வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. மறுநாள் காலை அடையாளம் பழையபடி 'திறந்திருக்கிறது' என்றே இருந்தது. கடைசியாக எழுதின ஃபைலும் சில சமயம் போயிருந்தது.

2000ஆம் ஆண்டு வாக்கில் மைக்ரோசாஃப்ட் இதை ஒப்புக்கொண்டு விண்டோஸ் 98க்கும் எம்.இ.க்கும் ஒரு திருத்தம் வெளியிட்டது. அது செய்த வேலை ரொம்ப எளிமை. அணைப்பதற்கு முன்னால் ஓரிரு நொடி காத்திருப்பது. டிஸ்க் எழுதி முடிக்கட்டும் என்று. அவ்வளவுதான்!

ஆகவே, உங்களைப்போல முறைப்படி ஷட் டவுன் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கிய பலர் நிரபராதிகள். குற்றம் சாட்டியதே குற்றவாளி.

இந்த வியாதிக்கு மருந்து என்ன? இங்கேதான் பி.காம். மறுபடி வருகிறது. 1494ல் வெனிஸில் லூகா பச்சோலி என்ற பாதிரியார் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் முறையைச் சொல்லித் தந்தார். எதையும் நேரே லெட்ஜரில் ஏற்றாதே. முதலில் ஜர்னல் என்ற நாள்வழியில் எழுது. பிறகு அங்கிருந்து லெட்ஜருக்குக் கொண்டுபோ என்பது அதன் சாரம். கம்ப்யூட்டர்காரர்கள் இதே உபாயத்தைத்தான் கையாண்டார்கள். பேரைக்கூட மாற்றவில்லை. ஜர்னல்!

இன்ன ஃபைலுக்கு இன்ன பெட்டி கொடுக்கப் போகிறேன் என்று முதலில் ஜர்னலில் ஒரு வரி. பிறகு அட்டவணையில் மாற்றம். முடிந்ததும் ஒரு டிக். நடுவில் கரண்ட் போனால் கோடவுன் முழுக்கத் தேட வேண்டாம். ஜர்னலின் கடைசிச் சில வரிகளைப் பார்த்தால் போதும். ஐ.பி.எம். 1990ல் தன் ஏ.ஐ.எக்ஸ். இயங்குதளத்தில் இதைக் கொண்டுவந்தது. 1993ல் விண்டோஸ் என்.டி.யோடு என்.டி.எஃப்.எஸ். வந்தது. 2001ல் லினக்ஸுக்கு எக்ஸ்ட்3, 2002ல் ஆப்பிளுக்கு. அதே 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, என்.டி.எஃப்.எஸ்ஸை வீடுகளுக்கு எடுத்து வந்தது. காலை நேரத்து ஸ்டாக் கணக்கெடுப்பு வெகுவாகக் குறைந்தது.

ஆனால் பாஷை? எக்ஸ்பியில் எப்போதாவது அந்தத் திரை வரும்போது, உங்கள் டிஸ்க்குகளில் ஒன்றை 'கன்சிஸ்டன்சி'க்காகச் சோதிக்க வேண்டியிருக்கிறது, வேண்டாமென்றால் நிறுத்தலாம், ஆனால் தொடரும்படி பலமாகச் சிபாரிசு செய்கிறோம் என்றது. கூடவே பத்து, ஒன்பது, எட்டு என்று ராக்கெட் விடுவதுபோல கவுன்ட் டவுன். என்ன கோளாறு, எவ்வளவு நேரம் ஆகும்? ம்ஹூம். ஃபைல்கள் பெருகப் பெருக, பெரிய டிஸ்க்குகளில் அது மணிக்கணக்கில் ஓடியது. பொறுமை இழந்து பவரை அணைத்தவர்கள் இருந்த பிழையோடு புதுப் பிழையும் சேர்த்துக்கொண்டார்கள். முடிந்ததும் ரிசல்ட் ஒரு கணம் திரையில் மின்னி மறைந்துவிடும். 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு மூலையில் பதிந்து வைத்திருக்கும். எத்தனை பேர் அங்கே போனார்கள்?

2012ல் விண்டோஸ் 8 வந்தபோது முறையையே மாற்றினார்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை எழும்போது அந்த இடத்தை மட்டும் சரி செய்யும். மணிக்கணக்கு வேலை நொடிக்கணக்கானது. இன்று பெரும்பாலும் அறிவிப்பே வருவதில்லை. போனில் வருவது அபூர்வம்.

நல்லதுதான். ஆனாலும் சில அறிவிப்புகள் இன்னமும் வருகின்றன. வந்தால் என்ன செய்வது? டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று எப்போதாவது சொன்னால் விட்டுவிடுங்கள். நடுவில் பவரை அணைக்காதீர்கள். ஒழுங்காக மூடியும் அடிக்கடி அதே சோதனை வருகிறதா? கணக்கில் பிழை இல்லை, கோடவுனே இடிகிறது என்று சந்தேகப்படுங்கள். ரிப்பேருக்கு முன்னால் ஃபைல்களை வேறு இடத்துக்கு காப்பி எடுங்கள். இன்னொன்று, 'ஸ்மார்ட்' என்ற பெயரோடு வரும். டிஸ்க் சீக்கிரமே போய்விடும், காப்பி எடுத்துவிட்டு மாற்று, தொடர எஃப்1ஐ அமுக்கு என்கிற மாதிரி இருக்கும். என்ன நடக்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் இரண்டையும் நேரடியாகச் சொல்லும் அபூர்வமான அறிவிப்பு அது. புரியாத அறிவிப்புகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நாம், அதையும் படிக்காமல் எஃப்1ஐத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இத்தனை வருஷப் புரியாத பாஷை வாங்கித் தந்த பழக்கம் இது.

''அப்ப அது பொய் சொல்லுதா?'' என்று முதலாளி கேட்டார் அல்லவா? பொய் சொல்லவில்லைண்ணே. மூடும் வேலை முடியவில்லை என்பது நிஜம். யாரால் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டது.

திருத்தம் வந்தது, ஓரிரு நொடி காத்திருக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால், 'அன்றைக்கு உங்களைச் சொன்னது தப்பு' என்று ஒரு வரி எந்தத் திரையிலும் வரவில்லை.